பஸ்ஸில் போனாலும் கசங்காத உடை

வேலை விஷயமாகக் கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூருக்கு அடிக்கடி பஸ்ஸில் போகிறேன். ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். ஆனால் ஓசூர் நெரிசலைத் தாண்டி இறங்கும்போது கஞ்சி போட்ட காட்டன் புடவை மடியெல்லாம் கோடு கோடாகக் கசங்கிக் கிடக்கும். வியர்வை ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்தால் பருத்தியில் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும். முழு பாலியஸ்டர் கசங்காது, ஆனால் வெயிலில் புழுங்கும். அதனால் இரண்டும் கலந்த துணியில் கருநீல ஸ்ட்ரைட் கட் குர்தி தைத்துக்கொண்டேன். கடையில் துணியின் ஓரத்தைக் கைக்குள் கொஞ்ச நேரம் இறுக்கிக் கசக்கிவிட்டுப் பார்ப்பேன். சுருக்கம் நின்றால் வாங்குவதில்லை. அப்புறம், நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்த பேண்ட். உட்கார்ந்தே வருவதற்கு அவ்வளவு சுகம்! மீட்டிங் அறை ஏசிக்கு மெல்லிய ஜாக்கெட் ஒன்றைப் பையில் சுருட்டி வைப்பேன், மடித்து அல்ல.