மாதிரியை வைத்துப் பழுதை மதிப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

2,000 பல்புகள் உள்ள ஒரு லாட். அதில் 50 எடுத்துச் சோதித்ததில் 3 எரியவில்லை. மொத்தத்தில் எத்தனை பழுதாக இருக்கும்? 3/50 = x/2,000. குறுக்கே பெருக்கினால் x = 120. கணக்கு இவ்வளவுதான். சறுக்கல் பெரும்பாலும் பெருக்கலில் நடப்பதில்லை, அதற்கு முன்னும் பின்னும் நடக்கிறது.

3 பழுது, 47 நல்லது என்று எழுதிவைத்துவிட்டு, 3/47ஐ எடுத்து 2,000ஆல் பெருக்குபவர்கள் உண்டு. விடை 128 என்று வரும். 2,000 என்பது மொத்தம் என்றால், மாதிரியிலும் மொத்தத்தைத்தான் எடுக்க வேண்டும். அதேபோல, ஒரே பொருளில் நான்கு கீறல் இருந்தால் அது ஒரு பழுதான பொருளா, நான்கு குறைகளா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விடப் பெரிய தவறு மாதிரியை எடுக்கும் இடத்தில்தான். கைக்கு எட்டும் மேலடுக்கிலிருந்தே 50ஐயும் எடுத்தால், அடியில் நசுங்கிக் கிடப்பவை கணக்கிலேயே வராது. ஷிப்ட் தொடங்கியதும் வந்த முதல் 50ஐ எடுப்பதும் அப்படித்தான். லாட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை.

சரி, மாதிரியை ஒழுங்காகவே எடுத்தோம். அப்போதும் 120 என்பது ஒரு மதிப்பீடுதான். 50க்கு 3 என்றால், 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான பழுது விகிதம் இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லும் வரம்பு) ஏறக்குறைய 2% முதல் 16% வரை போகும். அதாவது 40 பழுதும் இருக்கலாம், 320ம் இருக்கலாம்! இந்த அகலத்தைப் பாதியாக்க மாதிரியை ஏறக்குறைய நான்கு மடங்காக்க வேண்டும். "லாட்டில் 10% எடுத்தால் போதும்" என்ற பழக்கத்துக்கும் பெரிய அடிப்படை இல்லை. துல்லியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மாதிரியின் எண்ணிக்கைதான், லாட்டில் அது எத்தனை சதவீதம் என்பதல்ல.

அப்புறம் அந்தப் பூஜ்யம். 50இல் ஒன்றுகூடப் பழுதில்லை என்றதும் லாட் சுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். இதற்கு ஒரு எளிய விதி உண்டு: 3ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் 95% நம்பிக்கையில் பழுது விகிதத்தின் மேல் எல்லை கிடைக்கும். 3/50 என்றால் 6%. ஆக, ஒரு பழுதும் கண்ணில் படாத லாட்டிலும் 120 வரை ஒளிந்திருக்க இடமுண்டு.

இரண்டு இயந்திரங்களின் உற்பத்தியைச் சேர்த்துப் பார்க்கும்போது இன்னொரு குழி. முதல் இயந்திரத்தில் 100க்கு 2 பழுது, இரண்டாவதில் 20க்கு 2. சதவீதங்களின் சராசரி 6%. மாதிரிகளை ஒன்றாகக் கொட்டினால் 4/120, ஏறக்குறைய 3.3%. முதலாவது 9,000 பொருளும் இரண்டாவது 1,000 பொருளும் செய்திருந்தால் இரண்டுமே தவறு. தனித்தனியாகப் போடுங்கள்: 9,000இல் 2% என்றால் 180, 1,000இல் 10% என்றால் 100. மொத்தம் 280, அதாவது 2.8%.