கரும்புக் காட்டு லோரா சென்சாருக்கு ஏடிஆர் வைப்பது எப்படி

கோபி பக்கம் கரும்புத் தோட்டங்களில் மண் ஈரம் பார்க்கும் லோராவான் (குறைந்த மின்சக்தியில் வெகுதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) சென்சார் வைத்துக் கொடுப்பது என் தொழில். கரணை ஊன்றும்போது மாட்டினால் பிரமாதமாக வேலை செய்யும். ஆறேழு மாதம் போனதும், "தம்பி, பெட்டி விட்டு விட்டுத்தான் தகவல் தருது" என்று போன் வரும். பெட்டியில் கோளாறு இருக்காது. கரும்பு ஆளுயரம் தாண்டியிருக்கும். சிக்னலைப் பார்த்துச் சென்சாரின் வேகத்தையும் சக்தியையும் தானாக மாற்றும் வசதியான ஏடிஆர் மட்டும் நடவு நாளில் போட்ட கணக்கிலேயே நிற்கும்.

அதற்காக ஏடிஆரை அணைத்து எல்லாவற்றையும் எஸ்எஃப்12-இல் போட்டுவிடாதீர்கள். எஸ்எஃப் என்பது வேகப் படி; எண் கூடக் கூட வேகம் குறையும், எட்டும் தூரம் கூடும். 10 பைட் தகவலை அனுப்ப எஸ்எஃப்7-இல் சுமார் 62 மில்லிநொடி போதும், எஸ்எஃப்12-இல் ஏறக்குறைய ஒன்றரை நொடி. பேட்டரி தாங்காது.

முதலில் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். சென்சார்களின் செய்திகளை வாங்கி நிர்வகிக்கும் சிர்ப்ஸ்டாக் சர்வர் கடைசி 20 செய்திகளில் மிக உயர்ந்த எஸ்என்ஆரை (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு என்ற அளவு) எடுக்கும். அதிலிருந்து அந்த எஸ்எஃப்புக்குத் தேவையான அளவையும் மார்ஜினையும் (பாதுகாப்புக்காக ஒதுக்கிவைக்கும் டெசிபெல்) கழித்து, மூன்றால் வகுக்கும். வருவதுதான் வேகத்தை எத்தனை படி ஏற்றலாம் என்ற கணக்கு. தேவையான அளவு எஸ்எஃப்7-க்கு -7.5 டெசிபெல், ஒவ்வொரு படிக்கும் 2.5 குறைந்து, எஸ்எஃப்12-க்கு -20.

சென்சார் எஸ்எஃப்10-இல் இருக்கிறது, சிறந்த எஸ்என்ஆர் +3, மார்ஜின் 10 என்று வைப்போம். 3 + 15 - 10 = 8. மூன்றால் வகுத்தால் இரண்டு படி, ஆக எஸ்எஃப்8. மற்ற 19 செய்திகளும் -4-இல் வந்திருந்தாலும் சர்வர் கண்டுகொள்ளாது. -4 என்பது எஸ்எஃப்8-இன் எல்லைக்கு மேலே வெறும் 6 டெசிபெல். வளர்ந்த கரும்பு 10 டெசிபெல்லைத் தின்றுவிட்டால் சங்கதி முடிந்தது.

சிக்னல் குறைந்தால் தானாக வேகம் இறங்காதா என்று கேட்பார்கள். இறங்கும், ஆனால் ஆமை வேகத்தில். சர்வரின் இந்தக் கணக்கு வேகத்தை ஏற்றும், சக்தியைக் கூட்டிக் குறைக்கும், வேகத்தை இறக்காது. இறக்க வேண்டியது சென்சார்தான். 64 செய்திகளுக்குப் பதிலே வராவிட்டால் "கேட்கிறதா?" என்று கேட்கும். இன்னும் 32 செய்தி பார்த்துவிட்டு முதலில் சக்தியை முழுதாக்கும். பிறகு 32-க்கு ஒரு படி. மணிக்கொரு செய்தி என்றால் முதல் அசைவுக்கே நான்கு நாள். இதைவிட மோசம், பாதிச் செய்தி தொலைந்து பாதி போய்ச் சேர்கிற நிலை. ஏதோ ஒன்றுக்குச் சர்வர் பதில் சொல்லிவிடும், எண்ணிக்கை பூஜ்ஜியமாகிவிடும், சென்சார் அதே வேகத்தில் உட்கார்ந்திருக்கும். பிரேம் கவுண்ட்டரை (செய்திகளின் வரிசை எண்) பாருங்கள்: 412, 413, 416, 419 என்று தாவினால் இதுதான் நடக்கிறது.

அதனால் நடவின்போதே மார்ஜினை 20 ஆக்கிவிடுகிறேன். மேலே போட்ட கணக்கில் 3 + 15 - 20 = -2; ஏற்றம் கிடையாது, எஸ்எஃப்10-லேயே நிற்கும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை. சிர்ப்ஸ்டாக்கில் மார்ஜின் மண்டலம் முழுவதுக்கும் ஒன்றுதான், வழக்கமாக 10. அதே சர்வரில் தென்னந்தோப்பு சென்சாரும் இருந்தால், கரும்புக்கு மட்டும் தனி ஏடிஆர் நிரலை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, டிவைஸ் புரொஃபைலில் (சர்வரில் அந்தச் சென்சார் வகைக்கான அமைப்பு) தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே எஸ்எஃப்8-க்கு ஏறிவிட்ட சென்சாருக்கு இப்போது மார்ஜினைக் கூட்டிப் பயனில்லை. தொடக்க வேகத்தை எஸ்எஃப்10 என்று வைத்து, ரீசெட் செய்து மறுபடி நெட்வொர்க்கில் ஜாயின் ஆக விடவேண்டும்.

இடமிருந்தால் ஆன்டெனாவை வரப்போரக் கம்பத்தில் கரும்புக்கு மேலே ஏற்றிவிடுங்கள். தோகை உரிக்க வருகிறவர்களுக்குக் கேபிள் தட்டுப்படாதபடி கம்பத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். டிராக்டரில் மாட்டுகிற டிராக்கர் போல ஓடிக்கொண்டே இருப்பதற்கு ஏடிஆரே வேண்டாம். அங்கே எஸ்எஃப்பை நீங்களே நிலையாக வைத்துவிடுங்கள்.