ரீமேப்புக்கு முன் ஒரு ஸ்பூன் ஆயில்

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் காருக்கு ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), டர்போ என்று பணம் போடும் முன் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, ஸ்பார்க் பிளக் துளையில் கேஜ் வைத்து இரண்டு முறை பாருங்கள்: முதலில் அப்படியே, அப்புறம் ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு. பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் வரை ஓட்டி வந்தால் சோதனைக்குப் போதுமான சூடு இன்ஜினில் ஏறிவிடும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் பிளக்குகளைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸ், காயில் இணைப்பு இரண்டையும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும்.

ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் குறைவென்றால் பெரும்பாலும் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட்தான். சிலிண்டர்களுக்குள் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணம் முதலில் இன்ஜின் வேலைக்கே போகட்டும்.

டீசல் காரில் ஆயில் விட்டுப் பார்க்கவே கூடாது, உள்ளே பற்றிக்கொள்ளும். அதற்கு கேஜும் வேறு.