இயல்புநிலை மென்பொருளை மாற்றியபின் வரும் வழு அறிக்கைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடமிருந்து வந்த முறைப்பாடு ஒரே வரிதான்: "தம்பி, அப்டேட் போட்டதுக்குப் பிறகு தமிழ் அடிக்க ஏலாம இருக்கு." லினக்ஸ் இயங்குதளத்தின் வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகளைத் தரம்பிரிக்கும் வேலையை நான் தன்னார்வமாகச் செய்கிறேன். தமிழ் உள்ளீட்டு முறையின் கீழ் அதைப் பதிந்து, ஏற்கெனவே இருந்த இன்னொரு வழுவின் நகல் என்று சேர்த்தும் விட்டேன். அடுத்த கிழமை கடைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தால், தமிழ் வருகிறது. 'ம' மட்டும் வரவில்லை. அந்த விசை உடைந்து எத்தனையோ வருடம். வலப்பக்கம் சும்மா கிடந்த மெனு விசையில் 'ம' வரும்படி யாரோ விசைகளை மாற்றியமைக்கும் எக்ஸ்மொட்மேப் கருவி கொண்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விசையின் மேல் நீலப் பேனாவால் 'ம' என்று எழுதியும் இருந்தது. புதிய பதிப்போ, திரையையும் விசைப்பலகையையும் கையாளும் பழைய எக்ஸ் சேர்வரை விட்டு, அதன் இடத்துக்கு வந்த வேலண்டுக்குப் போய்விட்டது. அங்கே எக்ஸ்மொட்மேப்பின் சொல் எடுபடாது.

அண்ணன் எழுதியது சரிதான். 'ம' இல்லாமல் என்ன தமிழ் அடிப்பது? அவசரப்பட்டு நகல் என்று சேர்த்ததுதான் தவறு. கணினியோடு வரும் அடிப்படை மென்பொருள் ஒன்று மாறும் நாட்களில் அறிகுறிகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், காரணங்கள் பத்து இருக்கும். 'சத்தம் வரவில்லை' என்று மூன்று பேர் எழுதினால் ஒருவருக்கு டிரைவர், ஒருவருக்கு அனுமதி, ஒருவருக்கு புளூடூத். கணினி எழுதிவைக்கும் பதிவுகளை (log) வைத்துப் பார்த்து, ஒரே இடத்தில்தான் உடைகிறது என்று கண்ட பிறகே சேர்க்க வேண்டும். 'எந்தப் பதிப்பு?' என்று கேட்கும் முன் 'முன்பு இதை எப்படிச் செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் மெனு விசையின் கதை அன்றைக்கே வந்திருக்கும்.

இதைவிட மோசமானது, 'இது எங்கள் வழு அல்ல' என்று எழுதி மூடுவது. 2006 ஒக்டோபரில் வந்த உபுண்டு 6.10 என்ற லினக்ஸ் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கட்டளைகளை ஓட்டும் நிரலை 'எஸ்எச்' (sh) என்று கூப்பிட்டால் பேஷ் (bash) வரும். அந்தப் பதிப்பில் அதன் இடத்துக்கு டேஷ் வந்தது. டேஷ் சிறியது, கணினி சீக்கிரம் எழும்பும். ஆனால் தலைவரியில் 'எஸ்எச்' என்று போட்டுவிட்டு, உள்ளே இரட்டைச் சதுர அடைப்பு, அணிகள் என்று பேஷுக்கே உரியவற்றை எழுதியிருந்த ஸ்கிரிப்ட்கள் (கட்டளைக் கோப்புகள்) உடைந்தன. நியமப்படி பார்த்தால் குற்றம் ஸ்கிரிப்டில்தான். ஆனால் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, இடையில் மாறியது நாம் கைவைத்த இடம். பயனர் எதையும் மாற்றவில்லையே. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இதே மாற்றத்தை 2011 பெப்ரவரியில் வந்த ஸ்குவீஸ் பதிப்பில்தான் இயல்புநிலை ஆக்கியது. அதற்கு முன் இப்படியான எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் செக்பேஷிசம்ஸ் கருவியை ஓடவிட்டு, ஒவ்வொரு மென்பொருள் பொதியாக வழு பதிந்து திருத்தி வந்தார்கள். நாமும் வழுவை உரிய பொதிக்கு மாற்றலாம், மூல உருவாக்குநருக்கு அனுப்பலாம். அங்கே தீரும்வரை நம் பட்டியலிலும் அது திறந்தே இருக்கட்டும்.

பொத்துவில் பக்கம் மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் ஒரு ஆசிரியையிடம் 'புதிய பதிப்பை இறக்கிச் சோதித்துச் சொல்லுங்கள்' என்று எழுதாதீர்கள். உபுண்டு 24.04 இன் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. அவர் பதில் எழுதமாட்டார். உபுண்டு வழுக்களைப் பதியும் லோஞ்ச்பேட் தளத்தில் 'முழுமையற்றது' என்று குறித்த வழு, பதில் இல்லாவிட்டால் 60 நாளில் தானாகக் காலாவதியாகும். ஒரு கட்டளையைக் கொடுத்து, அதன் விடையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

பழையதற்குத் திரும்பும் வழியைச் சொல்வது நல்லதுதான். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு, ஒலியைக் கையாளும் மென்பொருளைப் பல்ஸ்ஓடியோவிலிருந்து பைப்வயருக்கு மாற்றியபோது, திரும்பிப் போக ஒரே கட்டளை போதும் என்ற நிலை இருந்தது. தவறு, அந்த வழியைச் சொல்லிவிட்டு வழுவை மூடுவதில் இருக்கிறது. கல்லடி அண்ணனை அன்றைக்கு எக்ஸ் அமர்வில் நுழையச் சொன்னேன், பின்னேரம் கொடுக்கவேண்டிய விண்ணப்பங்களை அடித்து முடித்தார். அறிக்கையை நகலிலிருந்து பிரித்துத் தனியாகத் திறந்து வைத்தேன். அப்புறம் சாதனங்களின் விவரங்களைச் சொல்லும் யூடெவ் வன்பொருள் கோப்பில் அந்த மெனு விசையையே மாற்றிக் கொடுத்தோம். அது இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டத்தில் நடப்பதால் எக்ஸ், வேலண்ட் இரண்டிலும் வேலை செய்கிறது.

முறைப்பாடு வராவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் தவறு. 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு 25.10, அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கனூ கோர்யூட்டில்ஸுக்குப் பதில் ரஸ்ட் மொழியில் எழுதிய யூயூட்டில்ஸைக் கொண்டு வந்தது. அது வந்த புதிதில் நேரத்தைச் சொல்லும் அதன் 'டேட்' கட்டளை 'ஆர்' தெரிவை வாங்கிக்கொண்டது, ஆனால் பொருட்படுத்தவில்லை. ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கேட்டால் அப்போதைய நேரத்தைச் சொன்னது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அந்த நேரத்தை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை, 'இப்போதுதானே பார்த்தோம்' என்று நினைத்து ஓடாமல் நின்றது. பாதுகாப்புத் திருத்தம் வந்து சேரவில்லை என்பது திரையில் தெரியாது, கடைக்காரரும் எழுதமாட்டார். அதனால் இப்போது மட்டக்களப்பில் யாருடைய கணினியின் முன் இருந்தாலும், சொன்ன பிரச்சினையைப் பார்த்து முடித்ததும் கடைசியாக எப்போது புதுப்பிப்புத் தேடியது என்ற திகதியையும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.