ஆஸ்திரேலியாவில் நிதி ஆலோசகரை நாடும் முன்

ஆஸ்திரேலியாவுக்கு வந்து முதல் சம்பளம் வாங்கிய சில வாரங்களிலேயே, "நம்மவர் ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது ஒரு தொலைபேசி எண்ணைத் தருவார்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் தமிழ் பேசுவது ஒரு தொழில் தகுதி ஆகாது.

முதலீடு, ஆயுள் காப்பீடு, சூப்பர் எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவை குறித்து உங்கள் நிலைமையைக் கேட்டறிந்து தனிப்பட்ட ஆலோசனை வழங்குபவர், ஏசிக் என்னும் கண்காணிப்பு அமைப்பு தரும் உரிமத்தின் கீழ் இயங்க வேண்டும். ஆலோசகர் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். அரசின் மணிஸ்மார்ட் இணையதளத்தில் தேடினால் அவருடைய படிப்பு, பணியாற்றிய நிறுவனங்கள், அவர்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். முதலீட்டுக்கு வீடு வாங்கச் சொல்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. நேரடியாக வாங்கும் வீட்டை நிதிச் சேவைச் சட்டம் நிதித் தயாரிப்பாகக் கருதுவதில்லை என்பதால், அதைப் பற்றி மட்டும் பேசுபவருக்கு இந்த உரிமம் தேவையில்லை. சொந்தமாகச் சூப்பர் நிதியம் தொடங்கி அதன் வழியாக வீடு வாங்குமாறு அவர் பரிந்துரைத்தால், உரிமம் கட்டாயமாகிவிடும்.

அடுத்து, ஆலோசகரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்குப் பணம் தருவது யார்?" முதலீட்டு நிறுவனங்கள் ஆலோசகர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தை 2013 ஜூலை 1 முதல் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஆயுள் காப்பீட்டில் கமிஷன் இன்றும் தொடர்கிறது. முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 60 விழுக்காடும் பின்னர் ஆண்டுதோறும் 20 விழுக்காடும் உச்சவரம்பு. கமிஷன் வாங்குபவர் சொல்வதெல்லாம் தவறு என்று நான் கருதவில்லை. பெரிய தொகைக்குக் காப்பீடு எடுக்கச் சொல்லும்போது அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதே என் கருத்து. தாம் சுயேச்சையானவர் அல்லர் எனில், ஆலோசகர் அதைக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாளைப் படிக்காமல் புரட்டிவிடாதீர்கள்.

கட்டணத்துக்கு ஈடான பயன் கிடைக்கிறதா என்பது இன்னும் நுட்பமான விஷயம். வங்கி, நிதித் துறை முறைகேடுகளை ஆராய்ந்த, முன்னாள் நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையிலான அரச ஆணையத்தின் விசாரணையில், நிதி நிறுவனங்கள் சேவையே வழங்காமல் கட்டணம் பிடித்ததும், இறந்துபோனவர்களின் கணக்குகளில் கூடப் பிடித்ததும் வெளிவந்தன. 2019 பிப்ரவரியில் அதன் இறுதி அறிக்கை வெளியானது. இப்போது தொடர் கட்டணத்துக்கு ஆண்டுதோறும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். கையெழுத்திடும் முன், கடந்த ஓராண்டில் அவர் உங்களுக்காகச் செய்தவற்றைக் கூறச் சொல்லுங்கள். உண்மையில், சேமிப்பு ஏதுமின்றி இப்போதுதான் வந்திறங்கியவருக்கு ஆலோசகர் தேவைப்படாமலே போகலாம். அதை வெளிப்படையாகச் சொல்லித் திருப்பி அனுப்புபவரிடமே, பிற்காலத்தில் பணம் சேர்ந்ததும் நான் செல்வேன். சூப்பர் கணக்கைப் பற்றிய எளிய ஐயங்களுக்கு அந்த நிதியமே பெரும்பாலும் தனிக் கட்டணமின்றி விளக்கம் தரும். கடன் நெருக்கடி என்றால் 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

ஆலோசகர்மீது குறை இருந்தால் முதலில் அவருடைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், 2018 நவம்பரில் செயல்படத் தொடங்கிய அஃப்கா என்னும் நிதிப் புகார் அமைப்பை நாடலாம். புகார் செய்பவரிடம் அது கட்டணம் வாங்குவதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம், அதுவும் இலவசம்.