செங்டூ முறையில் மாப்போ டோஃபு: எண்ணெய் பிரியும் வரை பொறுத்திருப்போருக்கான செய்முறை

நம் ஊர்க் கடைகளில் ‘செஷ்வான்’ என்ற பெயரில் விற்கப்படும் சட்னிப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகர், சர்க்கரை ஆகியவற்றின் கூட்டுதான். அந்தப் பெயர் தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தைக் குறிப்பது. ஆனால் அம்மாகாணத்துச் சமையலின் உயிர்நாடியான இரண்டு பொருள்கள், அதாவது நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும், நெடுங்காலம் புளிக்கவிடப்பட்ட அவரை விழுதும், அந்தப் புட்டியில் தேடினாலும் அகப்படுவது அரிது. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் அடுப்பிலிருந்து கிளம்பி இந்திய நாவுக்கேற்ப உருமாறிய அந்தச் சமையலை நான் குறை சொல்லவில்லை. மாலை நேரத் தள்ளுவண்டியின் காலிஃபிளவர் மஞ்சூரியன் எனக்கும் பிடித்தமானதே. சிச்சுவான் மக்கள் தங்கள் வீட்டில் என்ன உண்கிறார்கள் என்று அறிய விரும்புவோருக்காக எழுதப்பட்டது இக்குறிப்பு. அதற்கு நான் தேர்ந்துகொண்டது மாகாணத் தலைநகர் செங்டூவின் மாப்போ டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்துச் செய்த டோஃபுவைக் கொத்துக்கறியோடு காரக் குழம்பில் இடும் உணவு.

செங்டூவின் வடபுறத்தில் வான்ஃபூ பாலத்துக்கு அருகே 1862-ஆம் ஆண்டு வாக்கில் சென் குடும்பத்தார் ஒரு சோற்றுக்கடை நடத்தினர் என்றும், அக்குடும்பத்துப் பெண்மணியின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்ததால் அவர் சமைத்த உணவுக்கு இப்பெயர் வந்தது என்றும் சொல்லப்படுகிறது. ‘மா’ என்றால் தழும்பு விழுந்த முகம். ‘போ’ என்றால் மூதாட்டி. (நாக்கு மரத்துப்போவதற்கும் சீன மொழியில் அதே ‘மா’தான், பெயர் இரு வகையிலும் பொருந்திவிட்டது.) அந்தக் கடையில் உண்டவர்களுள் பலர் காவடித் தண்டில் எண்ணெய் சுமந்து சென்ற கூலித் தொழிலாளர்கள் என்பதும் அக்கதையின் பகுதி. மலிவான டோஃபு, கையளவு மாட்டிறைச்சி, தாராளமான எண்ணெய், அதனோடு வயிறு நிறையச் சோறு என்று உழைப்பாளிகளுக்காக அமைந்த உணவு இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் எண்ணெயின் அளவைப் பார்த்து அதைப் பாதியாகக் குறைக்கத் தோன்றாது. குறைத்தால் உணவு வெளுத்துப்போகும்.

இதன் ருசியில் முக்கால் பங்கு தோபான்ஜியாங் எனப்படும் அவரை விழுதிலிருந்து வருகிறது. செங்டூவை ஒட்டிய பீசியான் வட்டாரத்து விழுதுக்கே பெயர் அதிகம். ஃபாவா என்னும் பெரிய அவரை விதையைக் கோதுமை மாவோடு சேர்த்துப் பூஞ்சை படரவிட்டு, உப்பிட்ட சிவப்பு மிளகாயோடு தாழிகளில் இட்டு, பகலில் கிளறி வெயில் காட்டியும், இரவில் பனியில் திறந்துவைத்தும், மழை வந்தால் மூடியும் ஓராண்டுக்கு மேல் ஊறவிடுகிறார்கள். மொட்டைமாடியில் வடகமும் உப்பு மாங்காயும் காய வைத்து, மேகம் கறுத்ததும் ஓடிப்போய் அள்ளிய குடும்பங்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. இளம் விழுது செங்கல் நிறத்தில் இருக்கும். மூன்றாண்டு கண்டது கருஞ்சிவப்பாகி, நல்ல பழைய ஊறுகாயைத் திறந்தாற்போல மணக்கும். வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் படியுங்கள். மிளகாய், அவரை, உப்பு, கோதுமை மாவு ஆகிய நான்கும் முன்னிற்க வேண்டும். பூண்டும் சர்க்கரையும் வினிகரும் இடையில் புகுந்திருந்தால் அது வேறு வகை விழுது, நிறம் தருமே தவிர ஆழம் தராது. சோயா சாஸில் மிளகாய்த்தூளைக் குழைத்துச் சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விழுது கிடைக்காத நாளில் வேறு எதையாவது சமைப்பதே மேல்.

சிச்சுவான் மிளகு உண்மையில் மிளகும் அல்ல, மிளகாயும் அல்ல. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம் ஒன்றின் காயுறை அது. கொங்கணக் கடற்கரையில் மீன்குழம்பில் இடும் திர்பலுக்கு நெருங்கிய உறவு என்றாலும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. இதிலுள்ள சான்ஷூல் என்னும் வேதிப்பொருள் தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டுவதால் நாக்கிலும் உதட்டிலும் மெல்லிய அதிர்வு ஓடுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிரும் பொருளைத் தொடுவதற்கு அந்த உணர்வு ஒப்பானது என்று 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மணமும் மரப்பும் சிவந்த தோலில்தான் உள்ளன. உள்ளிருக்கும் கறுப்பு விதை பல்லில் மணலாக நறநறக்கும். நான் முதன்முதலில் வாங்கிய பொட்டலத்தில் பாதி விதையும் முள்ளும் காம்புமாக இருந்தன. அதை அப்படியே அரைத்துத் தூவி, விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மெல்வதை நிறுத்தியதைப் பார்த்த பிறகே பொறுக்கிச் சுத்தம் செய்யக் கற்றேன். பொறுக்கிய தோலை வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, ஆறியதும் உரலில் இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். சமைக்கும் அன்றே இடிப்பது நல்லது. இடித்து வைத்த தூள் விரைவில் மணமிழந்துவிடும்.

டோஃபு மென்மையானதாக இருக்க வேண்டும். பன்னீரைப் போல அழுத்திக் கட்டியாக்கியதுதான் நம் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. அது குழம்பில் கிடந்தாலும் வாயில் ரப்பராகவே நிற்கும். ‘சில்கன்’ என்று எழுதிய பெட்டியில் வருவது தொட்டாலே உடையும் அளவுக்கு மென்மையானது, பழகிய கைக்கு ஏற்றது. முதல் முறை செய்வோருக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது வசதி. இறைச்சியில் மாட்டுக் கொத்துக்கறியே மரபு. ஆட்டுக் கொத்துக்கறியும் ஒத்துவருகிறது. பச்சைக்குப் பூண்டுத்தாள் சேர்ப்பார்கள். சந்தையில் அது கிடைக்காவிட்டால், முளைவிட்ட பூண்டுப் பற்களைத் தொட்டியில் ஊன்றிவைத்து, மூன்று வாரம் போல் கழித்துத் தாளை வெட்டிக்கொள்ளலாம். அவசரத்துக்கு வெங்காயத்தாள்.

நான்கு பேருக்கு டோஃபு 400 கிராம், கொத்துக்கறி 100 கிராம், எண்ணெய் 75 மி.லி., தோபான்ஜியாங் 2 மேசைக்கரண்டி, தோவ்ச்சி எனப்படும் உப்பிட்டுப் புளிக்கவைத்த கறுப்பு சோயா 2 தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சியும் பூண்டும் தலா 2 தேக்கரண்டி, சோயா சாஸ் 1 தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, எலும்புச் சாறு அல்லது வெந்நீர் 200 மி.லி., கார்ன்ஃப்ளவர் ஒன்றரை மேசைக்கரண்டி, பூண்டுத்தாள் ஒரு கைப்பிடி, இடித்த சிச்சுவான் மிளகு 1 தேக்கரண்டி வேண்டும். சிச்சுவானில் கடுகின் இனமான ரேப் விதையின் எண்ணெயைப் புகையக் காய்ச்சி, சற்றுத் தணியவிட்டுப் பயன்படுத்துவார்கள். நம் கடுகெண்ணெயின் நெடி விழுதின் மணத்தை அமுக்கிவிடுவதால் நான் கடலை எண்ணெயையே ஊற்றுகிறேன். குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். விழுதிலும் தோவ்ச்சியிலும் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது.

முதலில் டோஃபுவை 2 செ.மீ. கட்டங்களாக வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்பிட்ட நீர் கொதித்ததும் தீயைத் தணித்து, மெல்ல அதில் இறக்கி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். நீர் தளதளக்கக் கூடாது. பச்சை சோயா வாடை இதில் அகலும், கட்டங்கள் சற்றே இறுகி வடிவம் காக்கும், குழம்பில் சேரும்போதே சூடாகவும் இருக்கும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கொத்துக்கறியைப் போட்டு, நீரெல்லாம் வற்றி, சடசடப்பு அடங்கி, துணுக்குகள் பொன்பழுப்பாக மொறுமொறுக்கும் வரை வறுங்கள். அடுத்து வருவதுதான் இந்தச் சமையலின் மையம் என்பதால் அவசரப்பட வேண்டாம். தீயை நன்றாகக் குறைத்து, பலகையில் வைத்துக் கொத்தி நைத்த விழுதைச் சேருங்கள். எண்ணெய் முதலில் கலங்கும். விழுது அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். கிளறிக்கொண்டே இருந்தால் ஓரங்களில் பொடி நுரை கட்டி, பச்சை வாடை போய், இரண்டு மூன்று நிமிடத்தில் விழுது ஒருபுறமும் தெளிந்த குங்குமச் சிவப்பு எண்ணெய் மறுபுறமுமாகப் பிரியும். புளிக்குழம்பிலும் தக்காளித் தொக்கிலும் எண்ணெய் பிரியும் நேரத்தைக் கண்ணாலேயே கணித்துப் பழகியவர்களுக்கு இங்கே தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. பெருந்தீயில் வைத்து விசிறினால்தான் சீனச் சமையல் என்ற நினைப்பை மட்டும் இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். பெருந்தீயில் விழுது கருகிக் கசந்தால் பிறகு எதைச் சேர்த்தும் சரிசெய்ய இயலாது.

எண்ணெய் பிரிந்ததும் தோவ்ச்சி, இஞ்சி, பூண்டு ஆகியவற்றைப் போட்டு மணம் எழும் வரை வதக்கி, கடைசியில் மிளகாய்த்தூளைத் தூவி, அது கருகுமுன் சாற்றை ஊற்றுங்கள். சோயா சாஸும் சர்க்கரையும் சேர்ந்து ஒரு கொதி வந்தபின், டோஃபுவை வடித்து உள்ளே சரியவிடுங்கள். இனிக் கரண்டியால் கிளறுவது என்ற பேச்சே கிடையாது. கரண்டியின் முதுகால் கட்டங்களை முன்னோக்கி மெல்லத் தள்ளுவதும், வாணலியைப் பிடித்து ஆட்டுவதும் போதும். ஐந்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும்.

கார்ன்ஃப்ளவரை மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து, ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். டோஃபு சூட்டில் நீர்விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு முறை கெட்டியான குழம்பு ஒரு நிமிடத்தில் மறுபடி இளகுவது அதனால்தான். முதல் தவணைக்குப் பின் கொதிக்கவிட்டு, இரண்டாவதோடு பூண்டுத்தாளைச் சேர்த்து, மூன்றாவதை ஊற்றியபின் தீயைச் சற்றுக் கூட்டி அரை நிமிடம் வைத்தால், குழம்பு கட்டங்களைப் போர்த்தி நிற்க, சிவப்பு எண்ணெய் மேலே மிதந்து வரும். கிண்ணத்துக்கு மாற்றி, சிச்சுவான் மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, மரப்பு, காரம், கொதிசூடு, மணம், மொறுமொறுப்பு, மென்மை, சுவைச்செறிவு, உயிர்ப்பு என எட்டு ஒற்றைச் சொற்களை அளவுகோலாகச் சொல்லும் வழக்கம் செங்டூவில் உண்டு. மொறுமொறுப்பு கொத்துக்கறிக்கு உரியது. உயிர்ப்பு என்பது பூண்டுத்தாள் வாடாமல் பச்சைப்பசேலென்று நிற்பது. வீட்டில் செய்யும்போது பெரும்பாலும் தவறுவது கொதிசூடுதான். பெரியவர்கள் வந்து உட்காரட்டும் என்று காத்திருந்தால் ஆறிவிடும். ஆட்கள் உட்கார்ந்தபின் மூன்றாம் தவணையை ஊற்றுவதே நான் கண்ட வழி.

எது அசல் என்பதில் உண்பவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மாட்டிறைச்சி இல்லாவிட்டால் மாப்போ அல்ல என்போர் உண்டு. பன்றி இறைச்சியிலேயே காலமெல்லாம் செய்யும் வீடுகளும் உண்டு. சிச்சுவானில் பிறந்து ஜப்பானில் குடியேறிய சென் கென்மின் 1958-இல் தோக்கியோவில் உணவகம் திறந்து, ஜப்பானியர் நாவுக்கேற்பக் காரத்தையும் மரப்பையும் தணித்தார். அங்கே பல தலைமுறைகளுக்கு அதுவே மாப்போ டோஃபுவாகிவிட்டது. என் நிலைப்பாடு எளிது: இறைச்சியை மாற்றலாம், அதை விடவும் செய்யலாம், விழுதையும் மிளகையும் விட இயலாது. சைவர்கள் ஊறவைத்த ஷிட்டாக்கே காளானைப் பொடியாகக் கொத்திக் கறியைப் போலவே வறுத்து, காளான் ஊறிய நீரையே சாறாக ஊற்றலாம்.

வெறும் வெள்ளைச் சோற்றோடு பரிமாறுங்கள். ஃப்ரைடு ரைஸ் வேண்டாம். உண்டு முடித்தபின் கிண்ணத்தின் அடியில் சிவப்பு எண்ணெய் தங்கியிருந்தால் கழுவிக் கொட்டிவிடாமல் வழித்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் வேகவைத்த நூடுல்ஸில் கலந்து சாப்பிடுங்கள்.