பிளாங்க் போடும்போது உடம்பு வெடவெடக்கிறதா?

முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்திருக்கும் பிளாங்க்கில் அரை நிமிடம் தாண்டியதும் வயிறும் தொடையும் வெடவெடவென்று ஆட ஆரம்பிக்கும், பக்கத்துப் பாயில் இருப்பவர் கல் மாதிரி இருப்பார், நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று வெட்கமாக இருக்கும். கவலை வேண்டாம், கொஞ்ச நேரம் போனால் அவரும் ஆடுவார்.

தசை ஒரே துண்டாக இழுப்பதில்லை. ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் நார்களும் சேர்ந்து ஒரு குழு, அப்படி ஒவ்வொரு தசையிலும் நிறைய குழுக்கள். முதலில் சின்னக் குழுக்கள் வேலைக்கு வரும், அவை களைத்ததும் பெரியவை இறங்கும். தேர் வடம் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்: சிலர் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் இழுப்பதால் தேர் சீராக நகரும், ஆட்கள் களைத்த பிறகு எல்லோரும் ஒன்றாக இழுத்து ஒன்றாக விடுவார்கள், தேர் குலுங்கும். உங்கள் தொடையிலும் அதேதான் நடக்கிறது. சாதாரணமாகவே கைகளில் நொடிக்கு 8 முதல் 12 தடவை மெல்லிய நடுக்கம் உண்டு, களைப்பில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதனால் ஆடத் தொடங்கியதும் பார்க்க வேண்டியது இடுப்பை. தலையிலிருந்து குதிகால் வரை நேராக இருந்தால் இன்னும் 5, 10 விநாடி தாங்கலாம். இடுப்பு தொய்ந்தாலோ கீழ்முதுகு வலித்தாலோ முழங்காலைக் கீழே வைத்துவிடுங்கள், அதற்கு மேல் பிடிப்பதெல்லாம் வீம்பு. ஒரே மூச்சில் 1 நிமிடம் என்பதைவிட 20 விநாடி வீதம் மூன்று செட், நடுவில் 1 நிமிட ஓய்வு, பழகியதும் 5 விநாடி கூட்டுவது நல்லது. விநாடியை வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண முடியாது.

முதல் நாள் பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) 20 கிலோ வெறும் ராடே தள்ளாடுவது வேறு கதை. அது களைப்பல்ல, எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும் என்று மூளை இன்னும் பழகவில்லை. சில வாரம் அதே எடையில் மெதுவாகச் செய்தால் அடங்கும். அதுவரை தலைமாட்டில் ஒரு ஆள் நிற்கட்டும்.

அப்புறம் சாப்பாடு. வெறும் வயிற்றில் ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபி மட்டும் குடித்துவிட்டு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யப் போய், இரண்டாவது செட்டிலேயே கால் தந்தியடித்த அனுபவம் எனக்கு உண்டு. காபியும் தூக்கக் குறைவும் நடுக்கத்தைக் கூட்டும், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும்தான். ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், நடுக்கத்தோடு குளிர்ந்த வியர்வையும் படபடப்பும் வந்தால் உடனே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கை நடுங்கினாலோ ஒரு பக்கம் மட்டும் ஆடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.